பேசும் பஞ்சு பொம்மைகள்: பழையதற்கு என்ன விலை, எப்படி விற்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் யாராவது வீடு மாற்றினால், பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் பேசும் பொம்மை ஒன்றாவது இருக்கும். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, சிங்கப்பூரில் வாங்கியது, தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பிள்ளை அழுது புரண்டு வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இவற்றை வாங்கி, பழுது நீக்கி, மறுபடி விற்பது என் தொழில்களில் ஒன்று. தொலைபேசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

எந்தப் பொம்மைகளைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

வெளியே துணியும் ரோமமும், உள்ளே செல், மோட்டார், ஸ்பீக்கர். தொட்டால், பேசினால், கையைத் தட்டினால் ஏதாவது செய்ய வேண்டும். சும்மா கட்டிப்பிடித்துக்கொள்ளும் கரடி இந்தக் கணக்கில் வராது.

மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். பாதியாவது கிடைக்குமா?

நீங்கள் கொடுத்த விலையை வாங்க வருகிறவர் கேட்கவே மாட்டார். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதே பொம்மை இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது? கடையில் இன்னும் விற்கிற பொம்மை என்றால், எல்லாம் ஒழுங்காக இயங்கி, அழுக்கில்லாமல் இருந்தால் இன்றைய புது விலையில் மூன்றில் ஒரு பங்கு சொல்வேன். ஒரு காது அசையவில்லை, ஒரு பாட்டு வரவில்லை என்றால் அதிலும் பாதி. பெட்டியும் கையேடும் இருந்தால் கொஞ்சம் ஏறும்.

உற்பத்தி நின்றுபோன பொம்மைக்குக் கணக்கே வேறு. அதைத் தேடுகிறவர் இருந்தால் வாங்கிய விலையைத் தாண்டும். இல்லாவிட்டால் காயலான் கடைக்காரர்கூடப் பஞ்சை எடைக்கு எடுக்க மாட்டார். பழையது என்பதாலேயே அரியது ஆகிவிடாது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வாங்க வருகிறவருக்கு அது காக்கைக் குஞ்சுதான்.

இன்னொன்று. இணையத்தில் ஒருவர் பத்தாயிரம் என்று போட்டிருப்பது அவர் கேட்கும் விலை. அந்த விளம்பரம் ஆறு மாதமாக அங்கேயே கிடக்கலாம். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. கைமாறிய விலையை அங்கே பாருங்கள். அதையும் டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றி அப்படியே மதுரையில் கேட்காதீர்கள். அங்கே வாங்கக் காத்திருக்கும் சேகரிப்பாளர் கூட்டம் இங்கே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஃபர்பி இருக்கிறது. நல்ல விலை போகுமா?

அதிகம் வரும் கேள்வி இது. முதலில் எந்த ஃபர்பி என்று பார்க்க வேண்டும். ஆந்தையும் எலியும் கலந்ததுபோன்ற இந்தப் பொம்மையை டேவ் ஹாம்ப்டன், கேலப் சங் என்ற இருவர் உருவாக்கினார்கள்; டைகர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1998இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் டைகரை ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது. முதல் மூன்று ஆண்டுகளில் 4 கோடி விற்றது. அதனால்தான் முதல் தலைமுறை என்றாலே பொக்கிஷம் என்று நினைக்க முடியாது. உலகம் முழுக்கப் பரண்களில் அது கிடக்கிறது. பெட்டி பிரிக்காதது, அரிய நிறம், சிறப்புப் பதிப்பு ஆகியவற்றுக்குத்தான் உண்மையான போட்டி. 2005இல் உருவம் பெருத்த ஒரு மாதிரி வந்தது. 2012இல் வந்ததற்குக் கண்களில் சிறிய திரை. 2016இல் வந்தது ப்ளூடூத் வழியே கைபேசியோடு சேரும். 2023இல் மறுபடியும் புதிதாக ஒன்று வந்தது.

வயதைக் கண்டுபிடிக்கத் துணிச்சீட்டையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே அச்சாகியிருக்கும் ஆண்டு பெரும்பாலும் பதிப்புரிமை ஆண்டு. அந்தப் பொம்மை தயாரான ஆண்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. நிறுவனப் பெயரே இல்லையென்றால் அது போலி. 1998க்குப் பிறகு போலிகள் கொட்டிக்கிடந்தன.

பழைய ஃபர்பியைச் சோதிப்பது ஒரு சுவாரசியமான வேலை. அடியில் உள்ள திருகைக் கழற்றி நான்கு ஏஏ செல்களைப் போடுங்கள். அணைக்கும் சுவிட்ச் அதில் கிடையாது. அதுவாகத் தூங்கினால்தான் உண்டு. விழித்ததும் நெற்றியில் உள்ள ஒளி உணரியைக் கையால் மூடுங்கள். முதுகைத் தடவுங்கள், வயிற்றை அழுத்துங்கள், நாக்கைத் தொடுங்கள், பலமாகக் கை தட்டுங்கள், தலைகீழாகக் கவிழ்த்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வர வேண்டும். கண், காது, வாய் எல்லாவற்றையும் ஆட்டுவது ஒரே ஒரு மோட்டார். ஆகவே காது ஆடி இமை மட்டும் அசையவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இமைதான் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பியவுடனே "மீ ஸ்லீப் அகெய்ன்" என்று சொல்லிச் சுருண்டுவிட்டால், சாய்வை உணரும் பகுதியில் கோளாறு. உள்ளே ஒரு சிறு உலோகக் குண்டு உருள வேண்டும். துருப்பிடித்தோ பிசுபிசுத்தோ அது ஒட்டிக்கொண்டுவிடும். கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் சில சமயம் விடுபடும். விற்பதற்கு முன் இதைச் செய்துபார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. "ஓடவில்லை" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்படும் ஃபர்பிகளில் பலவற்றுக்கு இதுதான் நோய்.

புதிய வெளிநாட்டுப் பொம்மைகள் இங்கே விலை ஏறியதற்கு ஒரு காரணம் உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. புதியது எட்டாத உயரத்தில் இருக்கும்போது நல்ல நிலையில் உள்ள பழையதைத் தேடி ஆள் வருகிறது.

ஃபர்பிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஒருவர் அப்படிச் சொல்லித்தான் எனக்கு விற்றார்.

முடியாது. முதல் ஃபர்பி தனக்கென ஒரு மொழியைப் பேசிக்கொண்டு வரும். நாள் போகப்போக ஆங்கிலச் சொற்கள் கலக்கும். அந்த ஆங்கிலம் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து அனுப்பப்பட்டது. நீங்கள் பேசியதைக் கேட்டு அது கற்றதாகத் தோன்றும்; அவ்வளவுதான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையே 1999இல் இதில் ஏமாந்தது. அலுவலகப் பேச்சைக் கேட்டு வெளியே போய் ஒப்பிக்கும் என்று பயந்து, ஃபர்பியை வளாகத்துக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. உண்மையில் அதற்குப் பதிவு செய்யும் திறனே இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளி, வெள்ளெலி, கள்ளிச்செடி வகைகள் வேறு இனம். அவை சில நொடிகள் பதிந்து, குரலைக் கீச்சென்று உயர்த்தித் திருப்பிவிடும். தமிழ், சௌராஷ்டிரம், தெலுங்கு எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான்.

கேசட் போட்டால் கதை சொல்லும் கரடி ஒன்று கிடைத்தது. அது என்ன?

டெடி ரக்ஸ்பினாக இருக்கலாம். கென் ஃபோர்ஸ் உருவாக்கியது. வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் 1985இல் வெளியிட்டது. முதுகில் கேசட் போடும் இடம் இருக்கும். கேசட்டின் ஒரு தடத்தில் கதை ஓடும். இன்னொரு தடத்தில் கண்ணையும் வாயையும் எப்போது அசைக்க வேண்டும் என்ற சைகைகள் ஓடும். 1985இல் இது பெரிய சாமர்த்தியம்.

நம் ஊரில் அரிதாகத்தான் கண்ணில் படும். கிடைத்தாலும் அநேகமாக ஓடாது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இத்தனை கோடைகளில் உருகித் தார்போல் ஆகியிருக்கும். இதற்குப் பொம்மைக் கடைக்காரரைத் தேடாதீர்கள். பழைய டேப் ரெக்கார்டர் பார்த்த மெக்கானிக் யாராவது டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இருந்தால் அவருக்கு இது பழகிய வேலை. உருகிய ரப்பரைச் சுரண்டித் துடைத்து, அளவெடுத்து வேறு பெல்ட் போட்டுவிடுவார். கேசட்டும் கதைப் புத்தகமும் கூடவே இருந்தால் எடுத்து வையுங்கள். அவை இல்லாத கரடி பாதிக் கரடிதான். பின்னாளில் வேறு நிறுவனங்களும் இதே பெயரில் விட்டிருக்கின்றன. 2017இல் வந்ததற்குக் கண்கள் திரையால் ஆனவை, கேசட் கிடையாது.

செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பொம்மை போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் பயந்து அந்தப் பொம்மையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் நிச்சயம் போய்விடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செல்களை எடுத்துவிட்டுப் பொம்மையைக் கவிழ்த்துப் பிடித்துப் பழைய பல்துலக்கியால் பொடியை வெளியே தள்ளுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். அல்கலைன் செல் என்றால் கசிந்தது காரம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகரைத் தொட்டு, சுருள்கம்பியின் ஒவ்வொரு வளையத்திலும் வையுங்கள். மெல்ல நுரைத்து அடங்கும். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு போதும். விலை குறைந்த சாதாரண ஜிங்க் கார்பன் செல் என்றால் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவ வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி வைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பச்சை நிறம் படர்ந்திருந்தால் அது செம்பு அரிப்பு. மெல்லிய உப்புத்தாளால் உரசி உலோகம் பளிச்சிடும்வரை எடுக்க வேண்டும். கம்பி ஒடிந்திருந்தால் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் ஐந்து நிமிட வேலை.

இத்தனையும் செய்து பொம்மை அசையவில்லை என்றால், என்ன செல் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 4.8தான். 6 வோல்ட்டை எதிர்பார்க்கும் பொம்மை இதில் குளறும், அல்லது பேசாமல் கிடக்கும். சுவர்க்கடிகாரத்திலிருந்து கழற்றிய பழைய செல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு "செத்துவிட்டது" என்கிறவர்களும் உண்டு.

முழுக்கச் செத்துப்போனதற்கு விலை உண்டா?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்கு. முதல் தலைமுறை ஃபர்பி, கேசட் கரடி போன்றவற்றுக்கு உதிரிபாகத்துக்காகக் கொஞ்சம் தருவார்கள்: கண், அலகு, செல் மூடி, ரோமத்தோல். செல் மூடி தொலைந்துபோன பொம்மைகள் ஏராளம் என்பதால் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டுக்கே ஆள் இருக்கிறது. மற்ற பொம்மைகளுக்கு ஒன்றும் கிடையாது. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில் மின்சாரப் பொம்மைகளும் சேர்ந்திருக்கின்றன.

விற்பதற்கு முன் துவைக்கலாமா?

பொம்மையின் முதுகுத் தையலைத் தடவிப் பாருங்கள். ஜிப்போ வெல்க்ரோவோ இருந்து, உள்ளே இருக்கும் பெட்டி முழுதாகக் கழன்று வந்தால் துவைக்கலாம். கழன்று வராவிட்டால் மேல்துடைப்பு மட்டும்தான். மென்மையான சோப்பைக் கரைத்து நுரையை மட்டும் எடுத்துத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று மொட்டை மாடியில் போடாதீர்கள். சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகும், பசை இளகிக் கண் கழன்றுவிடும். நிழலில், மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். காய்ந்தபின் குழந்தைக்குத் தலை வாரும் சீப்பால் ரோமத்தை ஒரே திசையில் வாருங்கள். பத்து நிமிட வேலை. புகைப்படத்தில் வேறு பொம்மைபோல் தெரியும்.

பரணில் கிடந்தது என்றால் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்துருண்டை போட்டு வைத்திருந்த பொம்மையை விற்பதுதான் பெரும்பாடு. அந்த வாடை பஞ்சுக்குள் இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் காற்றாட வைத்தால்தான் குறையும். வாசனைத் திரவியம் அடித்து மறைக்காதீர்கள். குழந்தை வாயில் வைக்கும் பொருள் அது. எலி சிறுநீர் கழித்த பொம்மையை நான் எந்த விலைக்கும் எடுப்பதில்லை.

ஆடும் கள்ளிச்செடி பொம்மையை விற்கலாமா?

வேண்டாம். புதியதே இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அக்கம்பக்கத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் அதன் பாட்டுகள் அத்தனையையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். 2021இல் கனடாவில் விற்ற இவ்வகைப் பொம்மை ஒன்று, போதைப்பொருளைப் பற்றிய போலந்து மொழிப் பாட்டைக் கெட்ட வார்த்தைகளோடு பாடிக்கொண்டிருந்தது. விவரம் தெரிந்ததும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். மொழி புரியாத பாட்டுக்கு நம் வீட்டுக் குழந்தைகளும் ஆடிக்கொண்டுதானே இருக்கின்றன.

குரல் பதிந்த பொம்மையை விற்கலாமா?

முதலில் யாருடைய குரல் இருக்கிறது என்று கேளுங்கள். கரடியின் உள்ளங்கையை அழுத்தினால் "பாப்பா, சாப்பிட்டாயா?" என்று தாத்தா கேட்கிறார் என்றால் விலையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். செல்லைக் கழற்றுவதற்கு முன்னால் கைபேசியை அருகே வைத்து அதைப் பதிந்துகொள்ளுங்கள். சில பொம்மைகள் செல் இல்லாவிட்டாலும் குரலைக் காப்பாற்றும். மலிவான சிலவற்றில் செல்லோடு குரலும் போய்விடும். பதியும் பொத்தானைத் தவறி அழுத்தினால் பழையது அழிந்துவிடும் என்பதால் வீட்டில் விவரம் தெரிந்தவர் கையால் இதைச் செய்யுங்கள்.

ப்ளூடூத்தோ இணையமோ உள்ள பொம்மை என்றால் வேறு கவலை. கிளவுட்பெட்ஸ் என்ற பஞ்சு பொம்மை, பெற்றோரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் குரல் செய்தி அனுப்புவதற்காக வந்தது. 2017இல் அதன் தரவுத்தளம் பூட்டில்லாமல் திறந்து கிடந்தது வெளியானது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் அதில் இருந்தன, சுமார் 20 லட்சம் குரல் பதிவுகளும் எட்டும் நிலையில் இருந்தன. மறு ஆண்டே பெரிய கடைகள் அதை விற்பதை நிறுத்தின. ஆகவே விற்பதற்கு முன் செயலியில் உள்ள கணக்கை அழியுங்கள், பதிவுகளை அழியுங்கள், கைபேசியில் இணைப்பை நீக்குங்கள். வாங்குகிறவராக இருந்தால், அந்தச் செயலி உங்கள் இன்றைய கைபேசியில் திறக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். செயலி செத்துவிட்டால் பொம்மையின் பாதி வேலை நின்றுவிடும். விலையையும் அப்படியே பாதியாக்கிக் கேளுங்கள்.

எப்போது, எங்கே விற்பது நல்லது?

கோடை விடுமுறை தொடங்கும்போதும், தீபாவளிக்கு முன்பும் கேட்பவர் அதிகம். ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு வருகிறவரிடம் பொம்மை விற்கப் பார்க்காதீர்கள். நவராத்திரிக்கு முந்தைய மாதம் ஒரு தனிச் சந்தை. விளாச்சேரி மண்பொம்மைகளைப் படியில் அடுக்கிவிட்டு, கீழே பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் அமைக்கிறவர்கள் சின்னச் சின்னப் பஞ்சு மிருகங்களைத் தேடுவார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வகையைக் கொலுவுக்கு விற்றால் செல்லைக் கழற்றிக் கொடுங்கள். வந்த மாமி பாடத் தொடங்கினால் அதுவும் கூடவே கீச்சுக் குரலில் பாடி மானத்தை வாங்கிவிடும்.

சாதாரணப் பொம்மைகளுக்கு அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவே போதும், கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் இப்படித்தான் நிறைய கைமாறுகிறது. ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் சந்தை அடுத்த படி. சேகரிப்பாளர் தேடும் பொருளை மட்டும் வெளியூர், வெளிநாட்டுத் தளங்களில் போடுங்கள்.

விளம்பரத்தில் அரை நிமிடக் காணொளி ஒன்று, சத்தத்தோடு, கட்டாயம் வேண்டும். செல் போடும் இடத்தின் புகைப்படத்தையும் போடுங்கள். யாரும் போடாத படம் அது. போட்டால் விவரம் தெரிந்த ஆள் உடனே அழைப்பார். குறையை மறைக்காமல் எழுதுங்கள். "இடது காது மெதுவாக அசைகிறது" என்று எழுதியவரிடம் பேரம் கொஞ்சம்தான் நடக்கும். "சூப்பர் கண்டிஷன்" என்று எழுதியவரிடம் நேரில் வந்து, காதைக் காட்டி, பாதிக்குப் பாதி அடிப்பார்கள். "அண்ணே, கடைசி விலை சொல்லுங்கள்" என்று பார்க்காமலேயே கேட்பவருக்கு, "நேரில் வந்து ஓட்டிப் பாருங்கள் தம்பி, பேசிக்கொள்ளலாம்" என்பதே என் வாடிக்கையான பதில்.

முன்பணம் அனுப்புகிறேன், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்கிறார். செய்யலாமா?

கூடாது. பணம் பெறுவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தினால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது" என்று ஆரம்பித்தால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்; பழைய பொருள் விற்கும் தளங்களில் இது நெடுநாளாக நடக்கும் மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். உள்ளூர் ஆள் என்றால் மாட்டுத்தாவணி பஸ் நிலையம்போல் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலில் கொடுத்துப் பணம் வாங்குங்கள்.

சின்னக் குழந்தைக்குப் பழையது வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

செல் மூடிக்குத் திருகு இருக்க வேண்டும். பொத்தான் செல் போடும் பொம்மைக்கு இது உயிர் போகிற விஷயம்; குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். திருகு இல்லாத அந்த வகையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கண்ணையும் மூக்கையும் பலமாக இழுத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லையென்றால் அதற்கு முந்தையது, வெளிநாட்டிலிருந்து கையில் வந்தது, அல்லது விதியை ஏய்த்து விற்றது. மூன்றில் எது என்று விற்பவரைக் கேளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். பார்சலில் அனுப்பினால் கட்டுமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பஞ்சு பொம்மைக்காகவே சொன்னதுபோல் இருக்கும். பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து அதையும் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 40க்கு 30க்கு 30 அளவுள்ள பெட்டிக்கு அது 7.2 கிலோ ஆகிறது, உள்ளே இருக்கும் கரடி ஒரு கிலோகூட இல்லாவிட்டாலும். அஞ்சலகக் கட்டணத்தையும் கேட்டு ஒப்பிட்டுவிட்டு, பொம்மையின் விலை வேறு, அனுப்பும் செலவு வேறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோட்டார் உள்ள தலைப்பகுதி ஆடாமல் இருக்கச் சுற்றிலும் பழைய துணியைத் திணியுங்கள். பெட்டியை மூடுமுன் பொம்மை இயங்குவதை ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்களைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் லாரியில் போகும் வழியெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே போகும். கோயம்புத்தூரில் செல் கிடைக்கும்.